பனிநிலத்து வெண்மலரும் களிமண்ணில் அது விட்டுச்சென்ற சான்றும்

வடதுருவத்தைச் சுற்றியுள்ள நாடுகளில், மரங்கள் வளரக்கூடிய எல்லை முடிந்த பிறகு தொடங்கும் பரந்த வெட்டவெளிக்குத் தூந்திரம் என்று பெயர். ஆண்டின் பெரும்பகுதி பனியால் மூடப்பட்டும், கோடையிலும் மேல்மண் மட்டுமே உருகி, அதற்குக் கீழே நிலம் உறைந்தபடியும் கிடக்கும் அவ்வெளியில் வேர்கள் ஆழமாக இறங்க இயலாது. உயர்ந்து நிற்கும் எதையும் பனித்துகளைச் சுமந்து வீசும் காற்று அரித்துவிடும். அத்தகைய நிலத்தில் தரையோடு தரையாகப் படர்ந்து, குறுகிய கோடையில் வெண்ணிற மலர்களை விரிக்கும் குறுஞ்செடி டிரையாஸ். இதன் மிகப் பரவலான இனம் டிரையாஸ் ஆக்டோபெட்டலா எனப்படுகிறது. ஐஸ்லாந்து, நார்வே, ஸ்வால்பார்ட் தீவுகள், கிரீன்லாந்து ஆகிய இடங்களிலும், தெற்கே ஆல்ப்ஸ் மலைகளின் உயரங்களிலும் இது வளர்கிறது. நெருங்கிய உறவினங்கள் கனடாவிலும் அலாஸ்காவிலும் சைபீரியாவிலும் பரவியுள்ளன. கனடாவின் வடமேற்கு நிலப்பகுதிகள் 1957ஆம் ஆண்டிலும், ஐஸ்லாந்து 2004ஆம் ஆண்டிலும் டிரையாஸைத் தங்கள் அடையாள மலராக ஏற்றுக்கொண்டன. ஆயினும் இச்செடிக்கு அறிவியலில் கிடைத்துள்ள இடம் அதன் அழகால் வந்ததன்று. பூமியின் தட்பவெப்பநிலை எவ்வளவு விரைவாகத் தடம் மாறக்கூடும் என்பதை மனிதர்கள் அறிந்துகொள்ள வழிகாட்டிய முதல் தடயங்களில் ஒன்று, களிமண்ணில் புதைந்து கிடந்த இதன் இலை.

டிரையாஸ் ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்தது. பார்வைக்குப் புல்லைப்போன்ற மென்மையான பூண்டாகத் தோன்றினாலும், உண்மையில் இது மரத்தன்மை கொண்ட தண்டுடைய ஒரு குறும்புதர். தண்டு மேல்நோக்கி எழாமல் மண்ணை ஒட்டியே கிளைத்துப் படர்வதால், பல ஆண்டுகளில் அது அடர்ந்த பாயைப்போல் தரையை மூடிக்கொள்கிறது. ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளமே உள்ள இலைகள் தடித்து, ஓரங்களில் வட்டமான பற்களுடன் காணப்படும். மேற்பரப்பு கரும்பச்சையாகவும், அடிப்பரப்பு வெண்ணிற மயிர்களால் அடர்த்தியாக மூடப்பட்டும் இருக்கும். ஓக் மரத்தின் இலையைச் சிறிதாக்கியதுபோன்ற இந்த வடிவத்தைக் கண்டே, ஸ்வீடனைச் சேர்ந்த தாவரவியலறிஞர் கார்ல் லின்னேயஸ், கிரேக்கத் தொன்மங்களில் ஓக் மரங்களில் உறைவதாகச் சொல்லப்படும் அணங்குகளின் பெயரை இதற்குச் சூட்டினார். மலர் இரண்டு முதல் நான்கு சென்டிமீட்டர் அகலமுடையது; ரோஜாக் குடும்பத்தில் ஐந்து இதழ்களே வழக்கமாயிருக்க, இதற்குப் பெரும்பாலும் எட்டு இதழ்கள் அமைந்துள்ளன. நடுவில் மஞ்சள் நிற மகரந்தத்தாள்கள் திரளாக நிற்கும்.

இச்செடியின் வாழ்க்கை முழுவதும் சிக்கனத்தின் மீது கட்டப்பட்டது என்று கூறினால் அது மிகையாகாது. இலைகள் பனிக்காலத்தில் உதிர்வதில்லை. எனவே பனி உருகிய உடனேயே, புதிய இலை தளிர்க்கும்வரை காத்திராமல், பழைய இலைகளைக்கொண்டு உணவு தயாரிக்கத் தொடங்கிவிட முடிகிறது. இறந்துபோன இலைகளும் தண்டைவிட்டு நீங்காமல் பல ஆண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்து, உயிருள்ள மொட்டுகளைக் காற்றிலிருந்தும் குளிரிலிருந்தும் காக்கின்றன. ஓர் ஆண்டில் மலரவேண்டிய மொட்டு அதற்கு முந்தைய ஆண்டிலேயே உருவாகி, குளிர்காலம் முழுவதும் அடங்கியிருந்து, அடுத்த கோடையின் முதல் வெப்பத்தில் விரைவாக விரிகிறது. வேர்களைச் சுற்றிப் பல வகைப் பூஞ்சைகள் உறைபோல் படிந்து, மண்ணிலிருந்து நீரையும் ஊட்டப்பொருள்களையும் ஈர்த்துச் செடிக்குத் தந்து, அதற்கு ஈடாகச் சர்க்கரையைப் பெற்றுக்கொள்கின்றன; காட்டு மரங்களிடையே பெரிதும் காணப்படும் இந்தக் கூட்டுவாழ்வு, விரலளவு உயரமே உள்ள ஒரு செடியில் அமைந்திருப்பது வியப்புக்குரியது. தண்டு ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே தடிக்கும் அளவுக்கு வளர்ச்சி மெதுவானது என்றாலும், ஆயுள் நீண்டது. நூறாண்டைக் கடந்த டிரையாஸ் செடிகள் உண்டு.

துருவக் கோடையில் சூரியன் மறைவதில்லை. இருபத்துநான்கு மணி நேரமும் அடிவானத்துக்குச் சற்று மேலே நின்று வானத்தைச் சுற்றிவருகிறது. டிரையாஸ் மலர் அந்தச் சூரியனை நோக்கியே முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும்; மலர்க்காம்பு மெல்ல வளைந்து திரும்ப, பூவின் வாய் கதிர்களை நேராக எதிர்கொள்கிறது. இதழ்கள் ஒன்றுசேர்ந்து அமைக்கும் குழிந்த கிண்ண வடிவம், அவற்றின்மீது விழும் ஒளியை மலரின் நடுப்பகுதிக்குத் திருப்பி அனுப்புகிறது. வடிவியலில் பரவளையம் எனப்படும் வளைவுக்கு, தன்மேல் இணையாக விழும் கதிர்களை ஒரே புள்ளியில் குவிக்கும் தன்மை உண்டு. இம்மலரின் வடிவம் ஏறத்தாழ அவ்வளைவையே ஒத்திருக்கிறது. கனடாவின் வடகோடியிலுள்ள எல்ஸ்மியர் தீவில் ஆய்வு செய்த பீட்டர் கெவன், சூரியனைப் பின்தொடரும் இத்துருவ மலர்களைப் பற்றி 1975இல் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை இத்துறையில் பெரிதும் போற்றப்படுவது. வெயில் அடிக்கும்போது மலரின் உட்பகுதி, சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி கூடுதல் வெப்பத்துடன் இருப்பது அளவிடப்பட்டது. மலர்கள் திரும்ப இயலாதவாறு தடுக்கப்பட்டபோது அவற்றின் விதைகள் எடை குறைந்து விளைந்தன என்பதை ஸ்காண்டிநேவிய ஆய்வுகள் காட்டின. காற்றின் வெப்பம் ஐந்து டிகிரி செல்சியஸைச் சுற்றியே நிற்கும் நாட்களில் ஓரிரு டிகிரி கூடுதலாகக் கிடைப்பது, விதை முதிர்வதற்கும் முதிராமல் போவதற்கும் இடையிலான வேறுபாடாக அமைந்துவிடும்.

இந்த வெப்பத்தால் பயனடைவது விதை மட்டுமன்று. பூச்சிகளின் உடல் தனக்குத் தேவையான வெப்பத்தைப் பெரும்பாலும் வெளியிலிருந்தே பெறுவதால், குளிர்ந்த காற்றில் அவற்றின் பறக்கும் தசைகள் செயலிழந்துவிடும். ஆகவே துருவப் பகுதியின் ஈக்களும் கொசுக்களும் டிரையாஸ் மலரின் கிண்ணத்துக்குள் இறங்கி வெயில் காய்ந்து, உடல் சூடேறிய பின் அடுத்த மலருக்குப் பறக்கின்றன. அவ்வாறு பறக்கையில் மகரந்தத்தையும் சுமந்து செல்கின்றன. மலர்களின் மகரந்தச் சேர்க்கை என்றதும் தேனீயையே எண்ணிப் பழகியவர்களுக்கு, இந்த நிலங்களில் அப்பணியின் பெரும்பங்கை ஈக்கள் ஏற்றிருப்பது புதுமையாகத் தோன்றலாம். வடகிழக்குக் கிரீன்லாந்தில், 74 டிகிரி வட அட்சரேகையில் அமைந்துள்ள சாக்கன்பர்க் ஆய்வு நிலையத்தில், டிரையாஸ் மலரைப்போலச் செய்யப்பட்ட ஒட்டும் பொறிகளை வைத்து அவற்றில் சிக்கிய பூச்சிகளை ஆய்ந்தபோது, வீட்டு ஈயின் குடும்பத்தைச் சேர்ந்த ஈக்கள் மிகுந்திருந்த இடங்களிலேயே விதைகள் நன்றாக உருவாயின என்று தெரியவந்தது; அவற்றுள்ளும் ஸ்பைலோகோனா சாங்டிபாலி என்ற ஒரே இனத்தின் பங்கு தனித்து நின்றது.

இதழ்கள் உதிர்ந்த பிறகு, சூல்தண்டுகள் எனப்படும் நீண்ட இழைகள் வளர்ந்து, இறகைப்போன்ற வெண்மயிர்களுடன் முதலில் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டும், காய்ந்தபின் பிரிந்தும் நிற்கின்றன. ஒவ்வோர் இறகின் அடியிலும் ஒரு விதை. காற்று அதை எடுத்துச் செல்கிறது. இவ்வாறு பறந்து செல்லும் விதைகள், பனியாறுகள் பின்வாங்கி வெறும் கல்லும் மணலுமாக விட்டுச்சென்ற நிலங்களில் முதலில் குடியேறுபவற்றுள் அடங்கும். அலாஸ்காவின் கிளேசியர் விரிகுடா இதற்குச் சிறந்த சான்று. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து அங்கே பனியாறு நூறு கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கியுள்ளது; 1916இல் வில்லியம் கூப்பர் என்ற தாவரச் சூழலியலாளர் அவ்வாறு வெளிப்பட்ட நிலத்தில் சிறு சதுரங்களைக் குறித்துவைத்து, அவற்றில் எந்தச் செடி எப்போது வருகிறது என்று பதிவு செய்யத் தொடங்கினார். மஞ்சள் மலர் கொண்ட உறவினமான டிரையாஸ் டிரம்மண்டியை அங்கே சரளைக்கற்களின்மேல் பெரும் பரப்புகளாகப் படர்கிறது. அதன் வேர்முடிச்சுகளில் வாழும் பிராங்கியா என்ற நுண்ணுயிர், காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடி பயன்படுத்தக்கூடிய உரமாக மாற்றித் தருகிறது. அவரைக் குடும்பத்துப் பயிர்களின் வேர்களில் நிகழும் அதே பணிதான் இது, ஆனால் அதைச் செய்யும் நுண்ணுயிர் வேறு. இத்திறன் டிரையாஸின் எல்லா இனங்களுக்கும் வாய்த்திருக்கவில்லை. வாய்த்த இடங்களில், உயிரற்ற சரளை மெல்ல மண்ணாகத் திரண்டு, ஆல்டர் புதர்களும் அவற்றுக்குப் பின்னர் ஸ்புரூஸ் மரங்களும் வருவதற்கு வழி திறக்கிறது. மரங்களின் நிழல் விழுந்ததும் டிரையாஸ் அங்கே வாழ இயலாமல் மறைந்துவிடும். நிழலைத் தாங்காத இந்தக் குணத்தை நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். இதன் கடந்த காலத்தையும் வருங்காலத்தையும் விளக்குவது அதுவே.

1870ஆம் ஆண்டில், அப்போது ஏறத்தாழ இருபது வயதினரான ஆல்பிரட் நாத்தோர்ஸ்ட் என்ற ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர், தென் ஸ்வீடனின் ஸ்கோனே பகுதியில், ஆல்நார்ப் என்ற ஊருக்கருகே நன்னீர்க் களிமண்ணை ஆய்ந்தபோது, அதில் துருவ வில்லோவின் இலைகளும் டிரையாஸ் இலைகளும் படிந்திருப்பதைக் கண்டார். அவ்விடம் வளமான வேளாண் சமவெளி. பீச் மரங்கள் செழித்து வளரும் நிலம். அங்கிருந்து வெகுதொலைவு வடக்கே அல்லது உயர்ந்த மலைகளில் மட்டுமே வாழும் செடிகளின் இலைகள் அக்களிமண்ணில் கிடந்ததற்கு ஒரே பொருள்தான் இருக்க முடியும்: பனியுகத்துப் பனிப்படலம் விலகிய காலத்தில் அச்சமவெளி தூந்திரமாயிருந்தது. டிரையாஸ் பூச்சிகளால் மகரந்தச் சேர்க்கை பெறுவதாகையால், காற்றில் தூளைப் பெருமளவு பரப்பும் பைன், பிர்ச் மரங்களைப்போலத் தன் மகரந்தத்தை ஏரிப் படிவுகளில் நிறைய விட்டுச்செல்வதில்லை. தடித்த, எளிதில் மட்காத, வேறெதனுடனும் குழப்பிக்கொள்ள இயலாத அதன் இலையே அதற்குச் சான்றாக எஞ்சுகிறது.

அடுத்த பெரும் கண்டுபிடிப்பு டென்மார்க்கில் நிகழ்ந்தது. கோபன்ஹேகனுக்கு வடக்கே ஆல்லரட் என்ற இடத்தில் செங்கல் சூளைக்காக மண் வெட்டப்பட்ட குழியை ஆராய்ந்த ஹார்ட்ஸ், மில்தெர்ஸ் என்ற இருவர் 1901இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டனர். குழியின் அடியில் டிரையாஸ் இலைகளைக் கொண்ட களிமண் அடுக்கு இருந்தது, அது எதிர்பார்த்ததே. அதற்கு மேலே, வெப்பம் கூடிய காலத்தைக் காட்டும் வகையில், பிர்ச் மரத்தின் எச்சங்கள் கொண்ட கரிமச் சேறு படிந்திருந்தது, அதுவும் எதிர்பார்த்ததே. ஆனால் அந்தச் சேற்றுக்கும் மேலே மீண்டும் களிமண்ணும், அதில் மீண்டும் டிரையாஸ் இலைகளும் கிடைத்தன. பனியுகம் முடிந்து பூமி படிப்படியாகச் சூடேறியது என்ற எளிய சித்திரத்தை அந்த மேலடுக்கு கலைத்துவிட்டது. மரங்கள் வந்து நிலைபெற்ற பிறகு குளிர் திரும்பியிருக்கிறது. மரங்கள் பின்வாங்க, அவற்றின் நிழல் நீங்கிய நிலத்தை டிரையாஸ் மறுபடியும் கைப்பற்றியிருக்கிறது. இந்தக் குளிர்காலகட்டத்துக்குப் புவியியலாளர்கள் இளைய டிரையாஸ் என்று பெயரிட்டனர்; அதற்கு முந்தைய குளிர் அலைகள் பழைய டிரையாஸ், மிகப் பழைய டிரையாஸ் எனப்பட்டன. ஒரு காட்டுச் செடியின் பெயரால் பூமியின் வரலாற்றுக் காலகட்டங்கள் அழைக்கப்படுவது அரிது. அந்தச் சிறப்பு இதற்கு முற்றிலும் தகும்.

இளைய டிரையாஸ் இன்றைக்குச் சுமார் 12,900 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, சுமார் 11,700 ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. களிமண் அடுக்குகள் குளிர் வந்ததைக் காட்டினவேயன்றி, அது எத்தனை விரைவாக வந்தது என்பதைக் காட்டவில்லை. அதற்கு விடை 1990களின் தொடக்கத்தில் கிரீன்லாந்தின் பனிப்பாளத்திலிருந்து கிடைத்தது. ஐரோப்பிய நாடுகளும் அமெரிக்காவும் தனித்தனியே மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்துக்குத் துளையிட்டு எடுத்த பனித்தூண்களில், ஒவ்வோர் ஆண்டின் பனியும் தனி அடுக்காகப் படிந்திருந்தது. அவற்றின் வேதியியல் கூறுகளைக்கொண்டு அந்தந்தக் காலத்து வெப்பநிலையைக் கணக்கிட முடிந்தது. இளைய டிரையாஸின் முடிவில் கிரீன்லாந்தின் வெப்பநிலை சில பத்தாண்டுகளுக்குள்ளேயே சுமார் 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்திருந்தது. பல்லாயிரம் ஆண்டுகளில் நிகழ்வதாகக் கருதப்பட்ட மாற்றம், ஒரு மனிதனின் ஆயுட்காலத்துக்குள் நிகழ்ந்து முடிந்திருந்தது. இன்று நாம் வாழும் ஹோலோசீன் என்னும் காலகட்டத்தின் தொடக்கமாகப் புவியியலாளர்கள் ஏற்றுக்கொண்டிருப்பதும் இந்தத் திருப்பத்தையே.

இதன் காரணம் குறித்து இன்னும் விவாதம் நடக்கிறது. பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம் கடலைச் சார்ந்தது. வெப்ப மண்டலத்திலிருந்து வெதுவெதுப்பான நீரை வடக்கே கொண்டுவரும் அட்லாண்டிக் நீரோட்டம், வடக்கே வந்து குளிர்ந்து, உப்பு மிகுதியால் கனத்து, ஆழத்தில் மூழ்கித் தெற்கே திரும்புகிறது. இச்சுழற்சியே வட ஐரோப்பாவுக்கு வெப்பத்தை வழங்குகிறது. வட அமெரிக்கப் பனிப்படலம் உருகித் தேங்கிய அகாசிஸ் என்ற பேரேரியின் நன்னீர் திடீரெனக் கடலுக்குள் பாய்ந்தபோது, மேற்பரப்பு நீரின் உப்புச்செறிவு குறைந்து, மூழ்கும் விசை தளர்ந்து, சுழற்சி வலுவிழந்தது என்பது அவ்விளக்கம். வெள்ளம் கிழக்கே பாய்ந்ததா, வடக்கே மக்கென்சி ஆற்றின் வழியாகத் துருவக் கடலுக்குப் பாய்ந்ததா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. விண்பொருள் ஒன்று மோதியதே காரணம் என்று 2007இல் முன்வைக்கப்பட்ட கருத்தைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. வடக்கே குளிர்ந்த அதே காலத்தில் அண்டார்க்டிக்கா சூடேறியது என்பது கடல்சார் விளக்கத்துக்கு வலுச்சேர்க்கிறது. வடக்கே செல்லாத வெப்பம் தெற்கே தங்கிவிட்டது.

இம்மாற்றம் துருவத்தோடு நின்றுவிடவில்லை. அரபிக்கடலின் அடிப்படிவுகளிலும், மேகாலயத்தின் மவ்ம்லூ குகையில் சொட்டுநீரால் வளர்ந்த சுண்ணப்பாறைகளிலும், இளைய டிரையாஸ் காலத்தில் இந்தியாவின் கோடைப் பருவமழை வலுக்குன்றியதற்கான அடையாளங்கள் உள்ளன. வட அட்லாண்டிக்கில் ஏற்பட்ட ஒரு தளர்ச்சி, அங்கிருந்து பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பெய்யவேண்டிய மழையைக் குறைத்திருக்கிறது. டிரையாஸ் இலை தரும் செய்தி வடநாட்டாருக்கு மட்டுமே உரியதன்று என்பதற்கு இது போதும்.

இளைய டிரையாஸ் முடிந்து காடுகள் வடக்கே பரவியபோது, சமவெளிகளில் இச்செடிக்கு இடமில்லாமல் போயிற்று. எஞ்சியவை மரம் வளராத ஒதுக்கிடங்களில் தங்கின. அவற்றுள் மிகவும் வியக்கத்தக்கது அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள பர்ரன் என்ற சுண்ணப்பாறை வெளி. கடல் மட்டத்தை ஒட்டிய அப்பகுதியில், துருவத்துக்கும் ஆல்ப்ஸுக்கும் உரிய டிரையாஸும் வசந்தகால ஜென்ஷியனும், மத்தியதரைக்கடல் பகுதிக்குரிய ஆர்க்கிட் ஒன்றும் அருகருகே பூக்கின்றன. மண் மெல்லியது, சுண்ணம் மிகுந்தது. குளிர்காலத்தில் மேய்ச்சலுக்கு விடப்படும் மாடுகள் புதர்களையும் புல்லையும் கட்டுக்குள் வைக்கின்றன. டிரையாஸுக்கு உண்மையில் தேவைப்படுவது குளிரைவிட, போட்டியற்ற திறந்த வெளிச்சமே என்பதைப் பர்ரன் தெளிவாகக் காட்டுகிறது. மேய்ச்சல் நின்றுபோன இடங்களில் ஹேசல் புதர்கள் பரவி இம்மலர்களை மூடிவிடுகின்றன. ஆகவே அங்கே மேய்ச்சலைத் தொடரச் செய்வதே பாதுகாப்பு முயற்சியின் மையமாக உள்ளது.

தூந்திரத்திலும் இன்று அதே ஆபத்து வேறு வடிவில் நெருங்குகிறது. துருவப் பகுதி உலகச் சராசரியைவிடப் பல மடங்கு விரைவாகச் சூடேறி வருகிறது. அதன் விளைவாக அலாஸ்காவிலும் கனடாவிலும் சைபீரியாவிலும் வில்லோ, பிர்ச் புதர்கள் உயர்ந்தும் அடர்ந்தும் பரவுகின்றன. குளிரைத் தாங்கும் ஆற்றல் அத்தனையும் பெற்ற டிரையாஸிடம் நிழலைத் தாங்கும் ஆற்றல் இல்லை. இதோடு மற்றொரு தடையும் உண்டு. அலாஸ்காவில் ஜேம்ஸ் மக்ராவும் ஜானிஸ் ஆண்டனோவிக்ஸும், காற்று வீசும் மேட்டில் வளரும் டிரையாஸையும் பனி நெடுநாள் தேங்கும் பள்ளத்தில் வளரும் டிரையாஸையும் இடம் மாற்றி நட்டுப் பார்த்தனர். இரு இடங்களுக்கும் இடையிலான தொலைவு மிகச் சிறிது. ஆயினும் ஒவ்வொரு வகையும் தன் சொந்த இடத்திலேயே நன்றாக வாழ்ந்தது, மாற்றிடத்தில் நலிந்தது. இத்தனை நுட்பமாக ஓரிடத்துக்கே பொருந்திவிட்ட, நூறாண்டு வாழும், அரிதாகவே நாற்றுவிடும் செடி, தன் காலடியில் தட்பவெப்பம் மாறும்போது அதே வேகத்தில் மாறிக்கொள்ள இயலாது.

1990இல் தொடங்கிய பன்னாட்டுத் தூந்திர ஆய்வுத் திட்டம், பல நாடுகளில் செடிகளைச் சுற்றி மேற்புறம் திறந்த ஒளிபுகு கூண்டுகளை வைத்து, உட்பகுதியின் வெப்பத்தை ஓரிரு டிகிரி உயர்த்தி, அவற்றின் மாற்றங்களைப் பதிவு செய்து வருகிறது. அத்திட்டம் தேர்ந்தெடுத்த முதன்மைச் செடிகளில் டிரையாஸும் ஒன்று. வெப்பம் கூடினால் அது முன்னதாகவே பூக்கிறது. ஆனால் முன்னதாகப் பூப்பது நன்மையாகவே முடியும் என்பதற்கு உறுதி இல்லை. சாக்கன்பர்க்கில் 1996 முதல் 2009 வரை சேர்க்கப்பட்ட பதிவுகளின்படி, கோடை சூடேறச் சூடேற மலரும் காலம் சுருங்கியது. மலர்களை நாடிவரும் ஈக்களின் எண்ணிக்கையும் குறைந்தது. வெப்பமடையும் துருவத்தில் இடர் ஒரே திசையிலிருந்து வருவதுமில்லை. 2018ஆம் ஆண்டு அதே இடத்தில் வழக்கத்துக்கு மாறாகப் பெரும்பனி பெய்து, மிகவும் தாமதமாக உருகியதால், அந்தக் கோடையில் பெரும்பாலான செடிகளும் பறவைகளும் விலங்குகளும் இனப்பெருக்கம் செய்யவே தவறின.

நூறாண்டு வாழும் செடிக்கு ஒரு கோடை வீணாவது பேரிழப்பன்று. பல கோடைகள் தொடர்ந்து வீணானால், முதிய செடிகள் பசுமையாக நின்றுகொண்டிருக்கும்போதே இளம் செடிகள் இல்லாமல் போய்விடும். அத்தகைய நலிவு வெளிப்பார்வைக்குத் தெரியாது. ஆண்டுதோறும் அதே சதுரங்களில் மலர்களையும் விதைகளையும் எண்ணுபவர்களுக்கு மட்டுமே தெரியும். கூப்பர் 1916இல் குறித்த சதுரங்கள் இன்றும் பயன்படுவதற்கும், சாக்கன்பர்க்கின் பதிவுகள் 2018இன் விளைவை அளவிட உதவியதற்கும் காரணம், அப்பணி ஓரிரு ஆண்டுகளில் கைவிடப்படாமல் தொடர்ந்ததே. ஆகவே துருவப் பகுதியின் நீண்டகாலக் கண்காணிப்பு நிலையங்களுக்கான நிதியை, உடனடிப் பலன் தெரியவில்லை என்ற காரணத்தால் அரசுகள் குறைக்காமல், தொடர்ந்து வழங்க வேண்டும்.